தனிச் செலவும் துறைமுகமும்: மோட்டார்ச் சைக்கிள் பயண நூல்கள் பற்றிய ஒரு மதிப்பீடு

பயண இலக்கியம் தமிழில் இன்னும் முழுமையான திறனாய்வுக்கு உட்படாத ஒரு துறையாகவே இருந்து வருகின்றது. நாவல், சிறுகதை, கவிதை ஆகியவற்றின் தோற்றம் வளர்ச்சி பற்றி ஆய்வாளர் பலர் விரிவாக எழுதியுள்ளனர். பயண நூல்களோ பெரும்பாலும் தகவற் களஞ்சியங்கள் என்ற அளவிலேயே மதிக்கப்பட்டு வந்துள்ளன. 1940இல் வெளிவந்த ஏ. கே. செட்டியாரின் 'உலகம் சுற்றும் தமிழன்' முதலாக, சோமலெ போன்றோரின் நூல்கள் ஈறாக, தமிழ்ப் பயணி தான் கண்ட நாட்டை வாசகருக்கு அறிவிப்பதையே தன் முதற் கடமையாகக் கொண்டான். தன் அச்சம், தன் நோய், தன் தோல்வி ஆகியவற்றை அவன் பெரிதும் எழுதுவதில்லை. மேனாட்டிலோ இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் இதற்கு நேர்மாறான ஒரு பயண நூல் வகை செல்வாக்குப் பெற்றது. அங்கு நாடுகள் பின்னணியாகின்றன. பயணியின் மனமே நூலின் பொருளாகின்றது. இவ்வகையின் தெளிவான வடிவம் ஒன்றைத் தனியொருவர் மோட்டார்ச் சைக்கிளில் பல நாடுகளைக் கடந்து சென்று எழுதிய நூல்களிற் காணலாம்.

இந்நூல்கள் திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் வாழும் ஒரு வாசகருக்கு என்ன பொருளைத் தருகின்றன என்பதே இக்கட்டுரையின் வினா. வினா சற்று விசித்திரமாகத் தோன்றலாம். ஆயின் எந்த இலக்கியமும் அது எழுதப்பட்ட இடத்தால் மட்டுமன்றி, வாசிக்கப்படும் இடத்தாலும் பொருள் பெறுகின்றது. நூற்றாண்டுகளாக அந்நியரின் வருகையைக் கண்டு வந்த ஒரு துறைமுகம், வருபவர் எழுதிய நூல்களை அளப்பதற்குத் தனக்கென ஓர் அளவுகோலை உடையது. அவ்வளவுகோல் எத்தகையது என்பதையும், அதனால் அளக்கும்போது இந்நூல்களில் எவை நிற்கின்றன, எவை வீழ்கின்றன என்பதையும் நோக்குவது பயனுடையது.

1. மூன்று நூல்கள்

இவ்வகையில் முதலிற் குறிப்பிடத்தக்கது அமெரிக்கரான ரொபேட் எடிசன் புல்டன் எழுதி 1937இல் வெளிவந்த 'ஒற்றை மனிதச் சாத்து' என்று தமிழிற் பெயர்க்கத்தக்க நூலாகும். 1932இல் இலண்டனில் நடந்த ஒரு விருந்தில், தாம் மோட்டார்ச் சைக்கிளில் உலகைச் சுற்றப் போவதாக அவர் விளையாட்டாகச் சொன்னதும், அங்கிருந்த டக்ளஸ் மோட்டார்ச் சைக்கிள் நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர் வண்டி தர முன்வந்ததும் நன்கறியப்பட்ட செய்திகள். சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்க முடியாத இருபத்து மூன்று வயது இளைஞர், இலண்டனிலிருந்து டோக்கியோ வரை ஒன்றரை ஆண்டுக் காலம் பயணஞ் செய்தார். கட்டடக்கலை பயின்ற செல்வர் வீட்டுப் பிள்ளையின் நகைச்சுவையும் துணிச்சலும் நூல் முழுவதும் விரவிக் கிடக்கின்றன. வண்டியின் அடிப்பகுதியில் அவர் ஒரு கைத்துப்பாக்கியை மறைத்து வைத்திருந்தார் என்பது மறக்கத்தக்கதன்று.

இரண்டாவது நூல் இத்துறையின் தலையாய படைப்பெனக் கருதப்படும் டெட் சைமனின் 'வியாழனின் பயணங்கள்'. 1979இல் வெளிவந்த இந்நூல், 1973 அக்டோபர் 6ஆந் திகதி இலண்டனிலிருந்து புறப்பட்டு நான்கு ஆண்டுகளில் 45 நாடுகளையும் 64,000 மைல்களையும் கடந்த ஒரு பயணத்தின் பதிவாகும். வண்டி 500 சி.சி. டிரையம்ப். புறப்படும்போது சைமனுக்கு வயது நாற்பத்திரண்டு, பத்திரிகையாளர், மோட்டார்ச் சைக்கிள் ஓட்டுவதில் முன்னனுபவம் மிகக் குறைந்தவர். இந்தியாவில் ஒருவர் அவரை வியாழன் எனக் குறித்துரைத்ததே நூலின் பெயருக்குக் காரணமாயிற்று. 2001இல், தமது அறுபத்தொன்பதாம் வயதில், அவர் மீண்டும் அதே வழியிற் செல்ல முனைந்து, 2007இல் இரண்டாவது நூலொன்றையும் வெளியிட்டார்.

மூன்றாவது, எல்ஸ்பெத் பியர்ட் என்னும் ஆங்கிலப் பெண்ணின் 'தனி ஓட்டுநர்'. கட்டடக்கலை மாணவியாயிருந்த அவர் 1982இல் பழைய பி.எம்.டபிள்யூ வண்டியொன்றிற் புறப்பட்டு 1984இல் வீடு திரும்பினார். நூலோ 2017இல்தான் வெளிவந்தது. பயணத்துக்கும் நூலுக்கும் இடைப்பட்ட முப்பத்து மூன்று ஆண்டுகளும் ஒரு செய்தியைச் சொல்கின்றன. திரும்பி வந்தபோது அப்பயணத்திற் சஞ்சிகைகளோ நிறுவனங்களோ அக்கறை காட்டவில்லை. பிரான்சியரான ஆன் பிரான்ஸ் தோத்வீல் 1973இல் சிறிய கவசாக்கி வண்டியொன்றில் உலகைச் சுற்றியதற்கு ஒரு காரணம், அதற்கு முந்திய குழுப் பயணத்தில் அவர் உண்மையில் வண்டி ஓட்டினாரா என்று ஆண்கள் ஐயுற்றமையே. ஆண் புறப்படும்போது உலகு அவனை 'ஏன்' என்று வினவுகின்றது. பெண் புறப்படும்போது 'உண்மையா' என்று வினவுகின்றது. இந்த வேறுபாடு நூல்களின் நடையிலும் புலப்படுகின்றது. புல்டன் வேடிக்கை பேசுகின்றார். சைமன் தன்னை ஆராய்கின்றார். பியர்ட் நடந்தவற்றை நாட்குறிப்பின் நேர்மையோடு அடுக்கிச் செல்கின்றார். விபத்து, நோய், தொல்லை தரும் ஆண்கள் ஆகிய எல்லாம் அவர் நூலில் அலங்காரமின்றி இடம் பெறுகின்றன. இலக்கிய நயத்திற் சைமனுக்கு நிகராகாவிடினும், ஆவணம் என்ற வகையில் அந்நூல் தனக்குரிய இடத்தைப் பெறுகின்றது.

2. தனிமை என்னும் கற்பிதம்

இம்மூன்று நூல்களும் 'தனி' என்ற சொல்லை ஏதோவொரு வகையில் தமது பெருமையாகக் கொள்கின்றன. ஆனால் நூல்களைக் கூர்ந்து வாசிக்கும் எவரும், தனியாகச் செய்யப்பட்ட காரியம் அவற்றில் மிகக் குறைவு என்பதை உணர்வர். மணலில் விழுந்த வண்டியைத் தூக்கி நிறுத்த ஆள் வேண்டும். உடைந்த பாகத்தை ஒட்டிக் கொடுக்கப் பட்டறைக்காரன் வேண்டும். இரவில் ஒதுங்க ஒரு திண்ணை வேண்டும். சைமன் சூடானின் மணல்வெளியைக் கடந்த பகுதி நூலின் உச்சங்களுள் ஒன்று. அவ்விடத்தில் வண்டியின் திறனைவிட வழியிலிருந்த மக்களின் விருந்தோம்பலே அவரைக் கரை சேர்த்தது. தாய்லாந்தில் விபத்துக்குள்ளான பியர்ட்டைப் பேணியது ஓர் ஏழைக் குடும்பம். நேபாளத்துக்குப் பின்னான வழியில் அவருக்கு வேறோர் ஓட்டுநரின் துணையும் இருந்தது. ஆக, 'தனி' என்பது உடன் வந்தவர் இல்லை என்பதையே குறிக்கின்றது. உதவியவர் இல்லை என்பதைக் குறிக்கவில்லை.

இவ்விடத்தில் தமிழ் மரபு ஓர் ஒப்பீட்டுக்கு இடந்தருகின்றது. பத்துப்பாட்டுள் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படை வகையின. பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன், வழியில் எதிர்ப்படும் வறிய கலைஞனுக்கு, எவ்வழிச் செல்ல வேண்டும், எவ்வூரில் யார் என்ன உணவு தருவர், யாரிடம் சென்றால் வறுமை தீரும் என்று கூறுவதே அவற்றின் அமைப்பாகும். அங்குப் பயணி தன்னைப் பற்றிப் பேசுவது, தான் பட்ட வறுமையையும் அது தீர்ந்த வகையையும் எடுத்துக்காட்டுதற்கே. வழியும் வழியிலுள்ள மக்களும் அவர்தம் உணவும் தொழிலுமே பாட்டின் உடம்பாக அமைகின்றன. யார் கேட்கின்றார் என்பதும் அங்கு முக்கியமானது. பின்னால் வரப்போகும் இன்னொரு பயணிக்காகவே முன்னவன் பேசுகின்றான்.

மோட்டார்ச் சைக்கிள் நூல்கள் இதனைத் தலைகீழாக்குகின்றன. அவற்றைக் கேட்பவர் பெரும்பாலும் வீட்டிலிருந்து வாசிப்பவர். வழியில் உணவு தந்தவர் ஒரு பக்கத்திலோ ஒரு பத்தியிலோ தோன்றி மறைகின்றார். அடுத்த நாட் காலை இயந்திரம் உயிர்பெற்றதும் அவருடைய கதை முடிந்து விடுகின்றது. அவருக்குப் பயணி ஒரு நிகழ்ச்சி. பயணிக்கோ அவர் ஓர் அத்தியாயத்தின் துணுக்கு. இதனை நூலாசிரியர்களின் தனிப்பட்ட குறையாகக் கொள்ளல் பொருந்தாது. வடிவத்திலேயே இக்குறை உறைகின்றது. ஒவ்வொரு நாளும் புறப்பட வேண்டும் என்ற விதி, எவரையும் ஆழ்ந்தறிய விடுவதில்லை.

சைமன் இவ்விதியின் இறுக்கத்தை உணர்ந்தவர் என்பதே அவரை ஏனையோரினின்றும் வேறுபடுத்துகின்றது. 2001இல் அவர் மீண்டும் புறப்பட்டதன் நோக்கங்களுள், முன்னர் கண்ட மனிதரைத் தேடிச் செல்வதும் ஒன்றாகும். துணுக்குகளாக விட்டுச் சென்றவற்றை முழுமையாக்கும் ஆசை அது. இலக்கிய நிலையில் இரண்டாம் நூல் முதல் நூலின் புத்துணர்வைப் பெறவில்லை. அறநிலையிலோ அது முதல் நூலுக்கு எழுதப்பட்ட ஒரு திருத்தம் எனலாம்.

3. செல்லலும் நிற்றலும்

பயண நூலின் சிறப்பு பயணி செல்லும் பகுதிகளிலா, நிற்கும் பகுதிகளிலா உள்ளது? இவ்வினாவுக்குத் திருகோணமலைத் துறைமுகப் பகுதியே ஒரு விடையை வைத்திருக்கின்றது. 1659ஆம் ஆண்டு புயலிற் பாய்மரத்தை இழந்த 'ஆன்' என்னும் ஆங்கிலக் கப்பல், பழுது பார்ப்பதற்காகக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. 1660இல் அக்கப்பலின் தலைவரும் அவர் மகனும் மாலுமிகள் சிலரும் கண்டி மன்னனின் ஆட்களாற் சிறைப்பிடிக்கப்பட்டனர். தந்தை மறு ஆண்டே இறந்தார். மகன் ரொபேட் நொக்ஸ் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கண்டி இராச்சியத்தில் வாழ்ந்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பிச் சென்றார். 1681இல் இலண்டனில் வெளியான அவருடைய நூல், இலங்கை பற்றிய ஆங்கில நூல்களுள் இன்றும் முதன்மையான ஒன்றாக மதிக்கப்படுகின்றது.

நொக்ஸ் பயணியாக எண்ணிப் புறப்பட்டவரல்லர்; போக விடப்படாதவர். ஆயினும், அவர் நூலில் நெல் விளைவிக்கும் முறை, உணவு, திருமணம், வழக்கு, வரி ஆகிய அனைத்தும் உள்ளன. காரணம் வெளிப்படை. அவர் அங்கு உழைத்தே உண்ண வேண்டியிருந்தது. தொப்பி பின்னி விற்றார். சில்லறை வியாபாரியாக ஊரூராகத் திரிந்தார். அவ்வியாபாரமே தப்பும் வழியையும் அவருக்குக் காட்டிக் கொடுத்தது. மொழியைக் கற்காமலும், அயலவரை நம்பாமலும் அவரால் ஒரு நாளும் வாழ்ந்திருக்க முடியாது. பத்தொன்பது ஆண்டு நின்றவர் எழுதிய நூல், ஒரு நாடு பற்றிப் பத்தொன்பது நாள் கடந்தவர் எழுதும் நூலினும் ஆழமுடையதாயிருத்தல் வியப்பன்று.

இந்த அளவுகோலை மோட்டார்ச் சைக்கிள் நூல்களுக்குப் பொருத்தினால் ஓர் உண்மை புலனாகின்றது. அவற்றின் சிறந்த பகுதிகள் யாவும் வண்டி நின்ற பகுதிகளே. பிரேசிலின் போர்த்தலேசாவில் ஐயத்தின்பேரிற் சிறைவைக்கப்பட்ட நாட்களைச் சைமன் விவரிக்கும் இடம், நூலின் உரைநடை மிகச் செறிவு பெறும் இடமாகும். ஓட்டத்தின் மயக்கம் அங்கு இல்லை. மற்றவர் கையில் தன் வாழ்வு தங்கியிருக்கும் அச்சமே உண்டு. சிங்கப்பூரில் ஆவணங்கள் யாவும் களவு போனபின் பியர்ட் அலுவலகம் அலுவலகமாக ஏறியிறங்கும் பகுதி, எத்தனையோ மலைக்காட்சிகளைவிட வாசகர் மனத்தில் நிற்கின்றது. துருக்கியில் ஓர் இரவு சிறையிருந்த புல்டனின் நகைச்சுவைகூட அவ்விடத்தில் ஒரு புதிய கனம் பெறுகின்றது. இடையூறு நேரும் போதெல்லாம் பயணி பார்வையாளன் என்ற நிலையினின்றும் இறங்கி, அவ்வூர் மக்களுள் ஒருவனாக ஆக்கப்படுகின்றான். அவ்வேளைகளிலேயே நூல் இலக்கியமாகின்றது.

மோட்டார்ச் சைக்கிளுக்கு இவ்விடத்தில் உரிய பெருமையை மறுத்தலாகாது. புகைவண்டியிலோ மோட்டார் வண்டியிலோ செல்பவருக்கும் வெளிக்கும் இடையே கண்ணாடி உண்டு. மோட்டார்ச் சைக்கிள் ஓட்டுநருக்கோ வெயிலும் மழையும் புழுதியும் நேரே மேனியிற் படுகின்றன. அவர் நின்றதும் ஊர்ச் சிறுவர் சூழ்ந்து கொள்வர். பூட்டிக்கொண்டு உள்ளே இருத்தற்கு அவருக்கு அறையில்லை. திருகோணமலைக்கு வந்த போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரான்சியரும் பிரித்தானியரும் பீரங்கி பூட்டிய கப்பல்களிலே வந்தனர். விருந்தளிப்பதா இல்லையா என்று தீர்மானிக்கும் உரிமை ஊராருக்கு அப்போது இருக்கவில்லை. தனி ஓட்டுநரோ அவ்வுரிமையை ஊராரிடமே ஒப்படைத்து வருகின்றார். வந்தேறிகளின் நீண்ட வரிசையில் இது ஒரு புதிய வகை வருகை என்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும். புல்டனின் மறைத்து வைத்த துப்பாக்கி, பழைய வருகையின் எச்சம். சைமனின் அச்சம், புதிய வருகையின் அடையாளம்.

4. எண்ணெயும் கடவுச்சீட்டும்

எனினும், இச்சுதந்திரம் எந்தப் பொருளாதார அடித்தளத்தின்மீது நிற்கின்றது என்பதை ஆராயாத திறனாய்வு முழுமை பெறாது. சைமன் புறப்பட்ட 1973 அக்டோபர் 6ஆந் திகதியே மத்திய கிழக்கிற் போர் மூண்ட நாள். அதனைத் தொடர்ந்து அராபிய நாடுகள் எண்ணெய்த் தடை விதித்தன. சில மாதங்களுள் எண்ணெய் விலை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்று. மலிவான பெற்றோலை நம்பி எழுந்த ஓர் உலகம் தன் அடித்தளம் ஆடுவதை உணர்ந்த அதே வேளையில், அவ்வுலகின் தனிமனிதச் சுதந்திரத்துக்குரிய மிக அழகிய நூல் எழுதப்படலாயிற்று.

திருகோணமலை வாசகருக்கு இச்செய்தி வெறும் வரலாறன்று. சீனக்குடாவில் பிரித்தானியர் தமது கடற்படைக்கெனக் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளுள் 99 இன்றும் காட்டிடை நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆந் திகதி யப்பானிய விமானங்கள் துறைமுகத்தைத் தாக்கின. அன்று ஒரு விமானம் தாங்கியொன்றின்மீது வீழ்ந்து தீமூண்டதன் எச்சத்தை இன்றும் காணலாம். 2022 சனவரியில் கைச்சாத்திடப்பட்ட ஒப்பந்தங்களின்படி அத்தாங்கிகளுள் 14 லங்கா ஐ.ஓ.சி. நிறுவனத்துக்கும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கும், 61 இருவரதும் கூட்டு நிறுவனத்துக்கும் எனப் பங்கிடப்பட்டன. அதே ஆண்டின் நடுப்பகுதியில் நாடெங்கும் போலவே இம்மாவட்டத்திலும் மக்கள் எரிபொருள் நிலையங்களின் முன் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். கியூ.ஆர். குறியீட்டு முறை வந்தபோது ஒரு மோட்டார்ச் சைக்கிளுக்குக் கிடைத்தது கிழமைக்கு 4 லீற்றர் பெற்றோல். பின்னிருக்கையிற் பெட்டி கட்டி மீன் விற்கச் செல்பவருக்கு அந்த 4 லீற்றரே அவ்வாரத்தின் வருமான எல்லையாயிற்று. அவருக்கும் சைமனுக்கும் வண்டி ஒன்றுதான். வண்டியின் பொருளோ வேறு. ஒருவருக்கு அது வீட்டை விட்டு நீங்கும் வழி. மற்றவருக்கு வீட்டைக் காக்கும் வழி. யாழ்ப்பாணத்தில் 1990களின் தடைக்காலத்தில், சில துளி பெற்றோலாற் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டிய மோட்டார்ச் சைக்கிள்களின் கதையும் இவ்வகையிற் சேர்த்தெண்ணத்தக்கது. இயந்திரத்தோடு மனிதன் கொண்ட உறவின் வரலாறு எழுதப்படுமாயின், அக்காலத்து ஓட்டுநருக்கும் திருத்துநருக்கும் புல்டனுக்கு அருகில் இடமளிக்க வேண்டும்.

அடுத்தது ஆவணம். மேனாட்டுக் கடவுச்சீட்டு உடையவருக்கு எல்லைகள் தொல்லைகளே தவிரத் தடைகளல்ல. 1932இல் புல்டன் கடந்த ஆசிய நாடுகளுட் பல ஐரோப்பியர் ஆட்சியில் இருந்தன. வெள்ளைத் தோலே அங்கு ஓர் அனுமதிப் பத்திரமாக விளங்கிற்று. 1984இல் பஞ்சாப் அந்நியருக்கு மூடப்பட்டபோது பியர்ட் அனுமதியைத் தாமே புனைந்து கொண்டு எல்லையைக் கடந்தார். நூலில் அது துணிகரச் செயலாக வாசிக்கப்படுகின்றது. அதே செயலை அக்காலத்தில் இலங்கைத் தமிழ் இளைஞர் ஒருவர் ஓர் ஐரோப்பிய எல்லையிற் செய்திருந்தால் அதற்கு வழங்கும் பெயர் வேறாகியிருக்கும். பியர்ட்டின் துணிவை இவ்வொப்பீடு குறைப்பதில்லை. அத்துணிவு செல்லுபடியாகும் எல்லையைக் காட்டுகின்றது.

தெற்காசியரும் இத்துறையில் இல்லாமற் போகவில்லை. 1926இல் கல்கத்தாவிலிருந்து நண்பரோடு சைக்கிளிற் புறப்பட்ட பிமல் முகர்ஜி, பின்னர் தனித்துச் சென்று 1937இல் நாடு திரும்பினார். தொழில் செய்து பணம் சேர்த்து அடுத்த நாட்டுக்குச் செல்வதே அவர் முறையாயிருந்தது. 2006இல் விசாகப்பட்டினத்திலிருந்து ஹீரோ ஹொண்டா கரிஸ்மா வண்டியிற் புறப்பட்ட பரத்வாஜ் தயாளா உலகைத் தனியே சுற்றி வந்தார். அவரும் வங்கக் கடலின் ஒரு துறைமுக நகரத்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. இத்தகையோர் பயணங்களில் விசாவும், வண்டிக்கெனக் கட்ட வேண்டிய சுங்கப் பிணையும் மலைகளையும் பாலைகளையும்விடப் பெரிய தடைகளாகும். ஆனால் இவ்வனுபவம் சைமனின் நூலுக்கு நிகரான ஓர் இலக்கியமாக இன்னும் மலரவில்லை. தமிழில் அதன் தொடக்கமே நிகழவில்லை.

5. பாதை என்னும் சொல்

கிழக்கிலங்கைத் தமிழில் 'பாதை' என்னும் சொல்லுக்கு இருபொருள் உண்டு. ஒன்று, எங்கும் வழங்கும் பொருளாகிய வழி. மற்றது, ஆற்றையும் களப்பையும் கடக்க மக்களையும் வண்டிகளையும் ஏற்றிச் செல்லும் மிதவை. மட்டக்களப்பிலிருந்து கடலோரமாகத் திருகோணமலைக்கு வரும் வீதி நெடுங்காலம் இத்தகைய பாதைகளை நம்பியே இருந்தது. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டதும், தொடர்ந்து ஏனைய துறைகளிற் பாலங்கள் எழுந்ததும் அந்நிலையை மாற்றின. எனினும் 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில், பாலம் கட்டி முடியாத நிலையில் ஓடிய பாதை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகளும் பிறரும் உயிரிழந்தனர். இச்சொல்லின் இரண்டாம் பொருள் இம்மாவட்டத்தில் இன்னும் பழங்கதையாகவில்லை.

தனி ஓட்டுநரின் நூல்களில் வழி என்பது எப்போதும் முதற் பொருளில் வருவது. அது தானாகவே அங்குக் கிடப்பது. ஓட்டுபவரின் திறமைக்காகக் காத்திருப்பது. துறைமுகப் பகுதியின் அனுபவமோ, வழி என்பது யாரோ ஒருவர் இழுத்துக் கொண்டு போவது, ஒரு நாள் இழுக்கப்படாமலும் போகக்கூடியது என்பதாகும். நீர்ப்பரப்பை அடைந்ததும் மோட்டார்ச் சைக்கிள் வெறுஞ் சுமையாகி விடுகின்றது. சைமனும் பியர்ட்டும் மலாய்க் குடாநாட்டிலிருந்து இந்தியாவைக் கப்பல் மூலமே அடைந்தனர். அதே கடலை ஒரு நூற்றாண்டுக்கு மேலாகக் கடந்தவர்கள் தோட்டங்களுக்குச் சென்ற தமிழ்த் தொழிலாளர்கள். மன்னாரில் இறங்கி மாத்தளை வரை காட்டுவழியே நடந்து, வழியில் நோயாலும் பசியாலும் மாண்டவர்களும் அவர்களுட் சேர்ந்தோரே. அவர்களுடைய செலவு எந்தப் பயண நூலிலும் பயணமாகக் கணிக்கப்படவில்லை. கோகிலம் சுப்பையாவின் 'தூரத்துப் பச்சை' போன்ற நாவல்களே அதனை ஓரளவு பதிவு செய்தன.

அண்மைக் காலத்துக்கு வந்தாலும் நிலை வேறன்று. 2006இல் மூதூரிலிருந்து முஸ்லிம் மக்கள் கந்தளாய்க்கும், மூதூர் கிழக்கிலிருந்து தமிழ் மக்கள் வாகரை வழியே மட்டக்களப்புக்கும் சென்றனர். சைக்கிளும் உழவு இயந்திரமும் கிடைத்தவர் அவற்றில், கிடையாதவர் நடந்து. அச்செலவுகளுக்கு 'இடப்பெயர்வு' என்று பெயர். தெரிவு செய்து போனால் பயணம், துரத்தப்பட்டுப் போனால் இடப்பெயர்வு என்ற இப்பாகுபாடு அகராதிக்குச் சரியாகலாம். இலக்கியத்துக்கு அது சரியாகாது. நொக்ஸ் துரத்தப்பட்டும் பிடிக்கப்பட்டும் நின்றவரே. அவருடைய நூலைப் பயண இலக்கியத்தினின்று எவரும் நீக்குவதில்லை.

இவ்விடத்தில் ஓர் எதிர்வாதம் எழலாம். விரும்பி மேற்கொண்ட துணிகரப் பயணத்தை அகதியின் துயரத்தோடு ஒப்பிட்டுக் குறை காண்பது திறனாய்வாகாது. ஒவ்வொரு நூலையும் அதனதன் நோக்கம் கொண்டே மதிப்பிட வேண்டும் என்பர். இவ்வாதத்தில் நியாயமுண்டு. சைமன் தாம் எழுதாத நூலுக்காகக் குற்றஞ் சாட்டப்படலாகாது. தன் அச்சத்தை மறைக்காத அவருடைய நேர்மை, எந்த நாட்டு வாசகருக்கும் பயன் தருவது. துறைமுகத்து இளைஞர் ஒருவர் அந்நூலை வாசித்து, தன் ஊருக்கு அப்பாலும் தன்னைப் போன்ற மனிதர் வாழ்கின்றனர் என்று உணர்வாராயின், அதுவே பெரும் பேறு. ஆயினும் ஒரு நூல் வகை தன்னைச் 'சுதந்திரத்தின் இலக்கியம்' என்று அழைத்துக்கொள்ளும்போது, அச்சுதந்திரம் யாருக்கு, எவ்வளவு, எதன் செலவில் என்று கேட்பது திறனாய்வின் கடமையாகின்றது.

இம்மதிப்பீட்டின் முடிவாகச் சிலவற்றைக் கூறலாம். மோட்டார்ச் சைக்கிள் பயண நூல், பயணியைக் கண்ணாடிக்குப் பின்னிருந்து வெளியே கொணர்ந்தது. அவனை ஊராரின் தயவில் நிறுத்தியது. அந்த அளவில் அது பயண இலக்கியத்துக்கு ஒரு வளர்ச்சியே. தயவு காட்டியவரைத் துணுக்காக்கியதும், தன் வண்டியை ஓட்டிய எண்ணெயையும் தன்னை உள்ளே விட்ட கடவுச்சீட்டையும் இயற்கையெனக் கொண்டதும் அதன் வரம்புகள். சைமன் அவ்வரம்பைத் தொட்டுணர்ந்தார், புல்டன் உணரவில்லை, பியர்ட் பெண் என்ற வகையில் அதன் வேறொரு பக்கத்தைக் கண்டார். தமிழில் இத்துறையிற் புதிதாக எழுத முனைவோர் இந்நூல்களின் வெளித் தோற்றத்தைப் பின்பற்றி, நாடுகளின் எண்ணிக்கையையும் மைல்களின் கணக்கையும் அடுக்குவாராயின் பயனில்லை. ஆற்றுப்படை கற்பித்தவாறு பின்னால் வருபவருக்காகப் பேசுவதும், நொக்ஸிடம் காணப்படுவது போல நின்ற இடத்தை உழைத்தறிவதும், சைமனைப் போல அச்சத்தை ஒளியாதிருப்பதும் ஒருங்கே கைவரப்பெற்ற ஒரு நூலே தமிழுக்குத் தேவை. அதனை எழுதுபவர் பல நாடுகளைக் கடந்தவராக இருக்க வேண்டுமென்பதில்லை. மீன்பெட்டியோடு விடியற்காலையிற் புறப்பட்டு, சோதனைச் சாவடிகளின் காலத்தையும் வரிசைகளின் காலத்தையும் அதே வண்டியிற் கடந்து வந்த ஒருவர் இம்மாவட்டத்தின் வீதிகளை மட்டும் எழுதினாலும், அது உலகப் பயண நூல்களின் வரிசையில் வைத்து எண்ணத்தக்கதாகும்.